அக்கரைக்கு எறிந்த கயிறு

வண்டிப்பெரியார்,
1957 ஆடி.

சௌபாக்கியவதி பொன்னாத்தாளுக்குச் சென்னிமலை எழுதுவது. இங்கே நான் நலம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? எருத்தேன்பதியில் கடலைக்கு மழை போதுமா? உன் தம்பி ரத்தினசாமியை இதை நிதானமாகப் படித்துக் காட்டச் சொல்.

இந்த வருஷமும் மரப்பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. பாலத்தோடு கட்டியிருந்த வடத்தையும் மிதந்து வந்த மரங்கள் அறுத்துவிட்டன. ஆனால் நான் இந்த முறை சும்மா இருக்கவில்லை.

நம் மகள் கமலாத்தாள் அக்கரைத் தோட்டத்து லயத்தில் பிரசவ வலியில் கிடந்து உயிரைவிட்டபோது, மருத்துவச்சி சாந்தம்மாளோடு நான் இக்கரையில் நின்றேன். "நின்னு பாத்துட்டே இருந்தீங்களேங்க" என்று சொல்லிவிட்டு நீ ஊருக்குப் போனாய். அன்றே தீர்மானித்தேன், ஆள் போக முடியாவிட்டாலும் கயிறாவது போகவேண்டும் என்று.

கோயிலில் வெடிக்கிற கதினாவைப் போலச் சின்ன வேட்டுக்குழாய் ஒன்று பட்டறையில் செய்தேன். கயிறு கட்டிய கட்டையை அது எறியவேண்டும். பாறை உடைக்கிற வெடிமருந்தில் கொஞ்சம் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கினேன். கடைக்கார உமர் பாய் நூல்கயிறு கொடுத்தார். சித்திரை முழுக்கப் பந்தடி மைதானத்தில் சுட்டுச் சுட்டுப் பார்த்தேன். மருந்து குறைந்தால் கட்டை பாதியில் விழுந்தது. இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கும் என்று நினைத்தேன். கயிறு அறுந்ததுதான் மிச்சம். லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். உமர் பாய்தான், "மருந்தக் கூட்டாதீங்க, கயித்த நனைச்சு வளைவளையாப் போடுங்க, வெடுக்குனு இழுக்காது" என்றார். அப்படிச் செய்தபின் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றினேன். மைதானத்தில் ஆற்றின் அகலத்தைத் தாண்டிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அக்கரை லயத்து ராமுத்தாய்க்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. மழையில் முதல் வேட்டு எதிர்காற்றில் சிக்கி நடு ஆற்றில் விழுந்தது. இரண்டாவதில் மருந்து நனைந்து புகைந்தே போயிற்று. குழாயைத் துடைத்து, குடை பிடிக்கச் சொல்லி, காற்றுக்காக ஒரு சிட்டிகை மட்டும் கூட்டினேன். அதற்குமேல் ஆசைப்படவில்லை. திரியைப் பற்றவைத்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஓடினேன்.

கட்டை அக்கரை நாணலில் விழுந்தது. ஓடிவந்து எடுத்தது நம் மருமகன் சின்னையன். மரத்தில் கட்டச் சொல்லி எல்லோரும் கத்தினோம். அவன் கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகுதான் கட்டினான். கயிற்றின் முனையில் புது வடத்தைக் கட்டி அனுப்பினோம்; அவன் அதை இழுத்துக் கட்டியதும் வடத்தில் தொட்டிலைத் தொங்கவிட்டோம். சாந்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றபடியே அக்கரையில் போய் இறங்கினாள்.

ராமுத்தாய்க்குப் பெண் குழந்தை. இருவரும் நலம்.

சின்னையன் தினமும் போய் வடத்தின் முடிச்சைப் பார்த்துவிட்டு வருகிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டான்.

குமுளிப் பாதையில் சரிந்த மண்ணை அள்ளிவிட்டார்கள். கம்பத்திலிருந்து பஸ் வருகிறது. உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஓடுகிறது என்று தெரிவிக்கிறேன்.

முருகன் உன்னைக் காக்கட்டும்.

உன்,
சென்னிமலை