எட்டாம் நாள் வைத்த கோப்பி

இன்று காலை ஒரு கமக்காரர் தண்ணீர்ப் பம்பு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அதன் வாயில் ஒழுகுகிறது என்றார். அதற்கு அளவான றப்பர் வளையம் தேடிப் பழைய பிஸ்கட் பெட்டியைக் கவிழ்த்தபோது, உன் கோப்பி மெஷினின் வளையம் ஒன்று உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. சூட்டில் வெந்து, கல்லாய் இறுகிக் கறுத்த வளையம். நீ கடை திறந்த இரண்டாம் வருடம் நான் கழற்றிப் போட்டது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் மணம் அதைவிட்டுப் போகவில்லை. அளவு சரியா என்று கமக்காரர் கேட்டார். இது வேறு மெஷினுக்கு உரியது என்று சொல்லி எடுத்து வைத்தேன். அவர் போனதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ இத்தாலியிலிருந்து பளைக்குத் திரும்பி வந்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நீ பலெர்மோவில் ஒரு கோப்பிக் கடையில் நின்றாய், நான் இங்கே பம்பு திருத்தினேன். மனைவியையும் மகளையும் அங்கே விட்டுவிட்டு ஏன் தனியாக வந்தாய் என்று ஊரில் கேட்காத ஆளில்லை. மகள் படிக்கிறாள், மனைவிக்கு அங்கே வேலை, எனக்கு அங்கே இருந்தது காணும் என்று மட்டும் சொல்வாய். கண்டி வீதியோரம் என் கடைக்குப் பக்கத்து அறையை எடுத்தாய். ஒரு மாதம் கழித்துக் கப்பலில் ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே அந்த மெஷின்.

வரும் வழியில் அதன் பம்பு இறுகிப்போயிருந்தது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாய். கைமுட்டியளவு பம்பு. கழற்றித் துடைத்துப் பூட்டி ஓடவிட்டதும் அழுத்தமானியின் முள் ஒன்பதில் போய் நின்றது. நான் நம்பாமல் ஒரு முறை தட்டிப் பார்த்தேன். தொண்ணூறு மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிற அழுத்தம் அது.

"இந்தச் சின்னக் கோப்பைக்கோ மச்சான் இவ்வளவு?"

"சும்மா ஊத்தினா, கோப்பி தர விரும்பினதை மட்டும்தான் தரும். நெருக்கினாத்தான் ஒளிச்சு வைச்சிருக்கிறது வரும்," என்றாய்.

அன்றிலிருந்து விடிந்ததும் என் முதல் வேலை உன் கடையில்தான். எனக்கு அழுத்தம் தெரியும், தண்ணீர் தெரியும். மற்றதை நீ சொன்னாய். பளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், மெஷினை ஆறு மாதத்தில் அடைத்துவிடும். போத்தலில் விற்கிற வடித்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். கோப்பி சப்பென்று போனது. கடைசியில் வடித்த தண்ணீர் மூன்று பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்தபோதுதான் சரியாக வந்தது. தூளைப் பரும்படியாக அரைத்தால் தண்ணீர் ஓடிப்போய்க் கோப்பி புளிக்கும். கூடுதலாக அரைத்தால் வழி கிடைக்காமல் நின்று கரிந்து கைக்கும். முதல் துளிகள் கறுப்பாக, தேன் போலத் தயங்கி விழ வேண்டும். பிறகு நூலாக இறங்க வேண்டும். நூல் வெளிறத் தொடங்கமுன் நிறுத்த வேண்டும். இருபத்தைந்து, முப்பது செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீ ஒரு நாளும் மணிக்கூட்டைப் பார்த்ததில்லை. காதைச் சரித்துக்கொண்டு நிற்பாய்.

முதல் மாதங்களில் வந்தவர்கள் எல்லோரும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானோ?" என்றார்கள். ஒருவர் சுடுதண்ணீர் விட்டு நிரப்பித் தரச் சொன்னார். நீ முகம் சுளிக்காமல் நிரப்பிக் கொடுத்தாய். மெல்ல மெல்லச் சிலர் அதைத் தேடி வரத் தொடங்கினார்கள். ரெயில் ஸ்ரேசனில் வேலை செய்பவர்கள், காற்றாலைகளைப் பராமரிக்க வருகிறவர்கள், கிளிநொச்சிக்குப் போகும் ஆசிரியைகள். குடிக்க முதல் ஒரு மிடறு பச்சைத் தண்ணீர், பிறகு ஒரு கலக்கு, நுரை கலைய முதல் இரண்டு மூன்று வாயில் முடிக்க வேண்டும் என்பதை அவர்களே புதியவர்களுக்குச் சொன்னார்கள்.

ஆனால் காலையின் முதல் கோப்பை எனக்கு. அதை நீட்டிவிட்டு எனக்கு முன்னால் கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொள்வாய்.

"என்ன மணக்குது?"

ஆரம்பத்தில் கோப்பிதான் மணக்கிறது என்று சொல்லிப் பேச்சு வாங்கினேன். "அது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பின்னாலை என்ன நிக்குது எண்டு பார்," என்பாய். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. கோப்பைக்குள் யாரோ நிற்பதுபோல இருக்கும். ஆனாலும் பார்த்தேன். ஒரு நாள் சுட்ட பனங்கிழங்கின் கரிந்த தோல் நின்றது. இன்னொரு நாள் வாளால் அறுத்த முதிரை மரத்தூள். மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து புதுக் கொட்டை வந்த கிழமை, சிறு வயதில் காட்டில் பொறுக்கித் தின்ற பாலைப்பழம், உதடு ஒட்டுகிற அந்தப் பாலோடு, அப்படியே வந்து நின்றது. நான் சொல்லச் சொல்ல நீ தலையை ஆட்டுவாய். நான் விழுங்கும்போது உன் தொண்டைக்குழியும் ஏறி இறங்கும். உன் கையில் கோப்பை இராது. முதன்முதல் அதைக் கண்ட காலை என் கையில் மயிர் சிலிர்த்தது. பகிடிக்குச் செய்கிறாயாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு முறை சோம்பலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், சர்க்கரை மணக்கிறது என்று. நீ கண்ணைத் திறந்தாய்.

"பொய் சொல்லாதை மச்சான். திருப்பிக் குடி."

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றாய். அது எனக்கு விளங்கவில்லை. இன்னொரு நாள் நான் வாய் திறக்கமுன்பே "இலுப்பைப்பூ" என்றாய். என் நாக்கிலும் அதுதான் இருந்தது. நீ பலெர்மோவில் கற்ற வித்தை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

உன் கடையில் காஸ் ஒழுகிய காலையையும் அப்படித்தான் விட்டுவிட்டேன். வீதிவரைக்கும் நாறியது. நான் ஓடிவந்து சிலிண்டரைப் பூட்டி யன்னல்களைத் திறந்தபோது, நீ அதற்குப் பக்கத்தில் நின்று கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாய். தடிமன், மூக்கு அடைத்துவிட்டது என்றாய். உனக்குத் தடிமன் இருக்கவில்லை. நான் அதைக் கண்டேன், கேட்கவில்லை.

கடைசி நாளைப் பற்றி எழுத வேண்டும். அன்று எனக்கு அவசரம். வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் விடியவே வந்து நின்றார், பயிர் வாடுகிறது, பம்பு உடனே வேண்டும் என்று. நான் உன் பக்கம் வராததால் நீயே கோப்பையை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய். கிறீஸ் கையால் வாங்கி ஒரே வாயில் ஊற்றினேன். நீ கதவடியில் நின்று கண்ணை மூடினாய்.

"இண்டைக்கு என்ன நிக்குது?"

"எப்பவும் போலத்தான்ரா," என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

நீ சிறிது நேரம் அங்கேயே நின்றாய். உன் நிழல் நான் திருத்திய பம்பின்மேல் கிடந்தது. பிறகு வெறும் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாய்.

அரை மணித்தியாலம் இருக்கும். உன் மெஷினின் பம்பு ஓடும் சத்தம் கேட்டது, நிற்கவில்லை. முப்பது செக்கனுக்குமேல் அது ஒரு நாளும் ஓடியதில்லை. நான் கையிலிருந்த ஸ்பனரைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். கோப்பை நிரம்பி வழிந்து, தட்டும் நிரம்பித் தண்ணீர் வெள்ளையாகவே இறங்கிக்கொண்டிருந்தது. நீ கீழே, சுவரில் சாய்ந்து இருந்தாய். கண் மூடியிருந்தது. என்னிடம் பதில் கேட்டுக் காத்திருக்கும் அதே முகம். மாரடைப்பு, உடனே முடிந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார்.

மூன்றாம் நாள் உன் மனைவி வந்து சேர்ந்தா. நான்காம் நாள் உன்னை எரித்தோம். அடுத்த நாள் பின்னேரம் அவா உன் கடையைப் பார்க்க வேண்டும் என்றா. திறந்துவிட்டு ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தேன். அவா குடித்துவிட்டு, அங்கே நீ போடுவது போலவே இருக்கிறது என்றா. எல்லாம் அவன் காட்டித் தந்தது, அவனைப் போல மணம் பிடிக்கிற ஒருவனை நான் காணவில்லை என்றேன். அவா கோப்பையை மெல்ல வைத்தா.

"அண்ணை, அவருக்கு மணம் தெரியாது. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

கொரோனா வந்து போனபோது அதோடு போனது, திரும்பவில்லை என்றா. புளிப்பும் கைப்பும் நாக்கில் தெரியும், மற்றதெல்லாம் உனக்கு வெறும் சுடுதண்ணீர். வேலையை ஒரு வருடம் மறைத்து மறைத்துச் செய்தாய். பிறகு ஏலாமல் போய், ஒரு நாள் பலெர்மோக் கடையில் பழுதான பாலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாய். ஊருக்குப் போனால் திரும்பி வரக்கூடும், சின்ன வயதில் பழகிய மணங்களுக்கு மூக்கு இணங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தாய்.

"இஞ்சை வந்தாப் பிறகு சந்தோசமாத்தான் இருந்தவர் அண்ணை. ஒவ்வொரு நாளும் போனிலை சொல்லுவார், இண்டைக்குப் பாலைப்பழம் குடிச்சனான், இண்டைக்கு முதிரை குடிச்சனான் எண்டு. வந்திட்டுதோ எண்டு கேட்டா, எனக்கு வரேல்லை, ஆனா வருகுது எண்டுவார்."

அவா கைப்பையிலிருந்து போனை எடுத்தா. "அண்டைக்குக் காலமை ஒரு மெசேச் அனுப்பினவர். இண்டைக்கு ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு. அது மட்டும்தான். என்னெண்டு எனக்கு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. அவவுக்குச் சொல்லவில்லை. என் கடைக்குப் போய், விளக்குப் போடாமல், இருட்டும்வரை இருந்தேன்.

எட்டாம் நாள் பொழுதுபடும் நேரம் உன் வீட்டில் படையல் வைத்தார்கள். நீ விரும்பித் தின்ற பொரித்த மீன், நண்டுக்கறி, முறுக்கு, சுருட்டு. கோப்பி வைக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். உன் கடையில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு ஓடினேன். வாழையிலை ஓரத்தில் வைத்தபோது அறை முழுவதும் அதுதான் மணந்தது. உன் சித்தப்பா சாம்பிராணி காட்டி, நீ வந்து உண்ண வேண்டும் என்று எல்லோரையும் வெளியே அனுப்பி அறைக் கதவைச் சாத்தினார். அரை மணித்தியாலம் முற்றத்தில் நின்றோம்.

திறந்ததும் மீனும் நண்டும் மணந்தன. கோப்பி மணக்கவில்லை. ஆறிவிட்டதாக்கும் என்று கோப்பையை எடுத்தேன். அந்தப் பொன்னிற நுரை ஐந்து நிமிடத்தில் பிரிந்து கரையில் ஒதுங்கும், அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அன்று ஒரு சுருக்கம் இல்லாமல், போட்டெடுத்தபடியே மூடிக்கிடந்தது. ஆறிய கோப்பியின் மணம் கெட்டுப் புளித்து வரும், இல்லாமல் போகாது. இதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு இருந்தது. கைப்பு இருந்தது. அவற்றுக்குப் பின்னால் ஒன்றும் நிற்கவில்லை. வெறும் தண்ணீர்.

என் மூக்குத்தான் போய்விட்டது என்று பயந்து உன் மனைவியிடம் நீட்டினேன். அவா மணந்து பார்த்தா, குடித்தா, என் முகத்தைப் பார்த்தா. உடனே கடைக்குப் போய் அதே தூளில் இன்னொன்று போட்டேன். கதவடியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி மணந்தது.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து உன் மனைவி திரும்பிப் போகும்போது மெஷினை என்னிடமே விட்டுப் போனா. காலையில் இரண்டு மணித்தியாலம் நான்தான் கடை திறக்கிறேன். பிறகு பூட்டிவிட்டுப் பம்புகளிடம் வந்துவிடுவேன். சித்திரை மாதம் ஒரு நாள், மெஷின் நிறுத்தி நெடுநேரம் ஆனபிறகு, நான் ஒரு மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மணம் வந்தது. டீசல் இல்லை, கிறீஸ் இல்லை, கோப்பியும் இல்லை. ஈரமான பழைய கற்சுவர். உப்புக் காற்று. அதற்குமேல் ஒரு பூ, தேசிப்பூ போல, ஆனால் அதைவிட இனிப்பாக. பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். ஒன்றும் மணக்கவில்லை என்றார். இரண்டு நிமிடம் நின்று போனது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் உன் மனைவிக்குப் போன் எடுத்து, பைத்தியம் என்று நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு விபரம் சொன்னேன்.

"எத்தினை மணிக்கு வருகுது அண்ணை?"

"ஒன்பதரைக்கு."

"இஞ்சை அப்ப விடிய ஆறு மணி," என்றா. "நாங்கள் முதல் இருந்த தெருவிலை ரெண்டு பக்கமும் தோடை மரம். ஒரேஞ்ச் பூ இந்த மாசம்தான் பூக்கும். ஆறு மணிக்கு வேலைக்குப் போகேக்கை வாசல்லை கொஞ்சம் நிண்டு மணந்திட்டுத்தான் போவார். அந்தத் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொன்னவரோ?"

இல்லை என்றேன். நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

மணம் இப்போதும் இடைக்கிடை வருகிறது. வரும்போது யார் காத்து நின்றாலும் மோட்டரை நிறுத்திவிட்டு, அது முடியும்வரை நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறது. அந்தத் தெரு சரிவானது என்று இப்போது தெரியும். மூன்றாவது மரத்தடியில் யாரோ தினமும் வாசலைக் கழுவிவிடுகிறார்கள். கடல் கீழே, இடது கைப்பக்கம். சரிதானா என்று உன் மனைவியிடம் நான் இன்னும் கேட்கவில்லை.