பத்து விரலும் இருக்கிற கை

14-7-1987, செவ்வாய்
திருமுல்லைவாயில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டும் வேலைக்கு இன்று இண்டர்வியூ. பார்த்ததும் பிடித்துப்போக வேண்டுமே என்று நேற்றே மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்து, நகக்கண்ணில் இருந்த கிரீஸைக்கூட எடுத்திருந்தேன். ஸ்டெல்லா சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஜெபம் செய்து அனுப்பினாள்.

எனக்கு முன்னால் காத்திருந்தவர் வலது கையை பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். தண்ணீர் மொள்ள எடுத்தபோதுதான் பார்த்தேன், இரண்டு விரல் இல்லை. பாவம், இவரை எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

உள்ளே ஃபோர்மேன் என் சர்டிபிகேட்டைத் திறக்கவே இல்லை. "கையக் காட்டு" என்றார். மேசைமேல் விரித்து வைத்தேன். புரட்டிப் பார்த்த அவர் கையிலும் ஆட்காட்டி விரல் பாதிதான்.

"எத்தினி வருசமா பிரஸ் ஓட்ற?"

"எட்டு வருசம் சார்."

"எட்டு வருசம் ஓட்டினவனுக்குப் பத்து வெரலும் அப்டியே கீது. யார்கிட்ட கதை உடுற?"

"நான் பாத்துதான் ஓட்டுவேன் சார்."

"பாத்துகினே இருந்தா புரொடக்‌ஷன் எங்கேர்ந்து வரும்? போ நைனா."

வெளியே வந்தால், விரல் இல்லாதவரைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெல்லாவிடம், "வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். ஃபோர்மேன் பேசியதுகூடப் போகட்டும். அவர் பேசியதும், திருடி அகப்பட்டவன் மாதிரி நான் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேனே.

பாப்பா என் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்தபடி தூங்குகிறாள். உருவிக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு கையால் எழுதுவதால் நோட்டு நழுவிக்கொண்டே—