கோல்கீப்பர் ஒருத்திதான்

செவ்வாய், இரவு

விளையாட்டு கிளப்புகளை எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யும் அக்கா, இன்று எங்கள் கிளப் கூட்டத்தில் பேசினார். "உன் பேரு வெளிய வராதும்மா" என்று முன்பு சொல்லியிருந்தார். அதை நம்பித்தான், மைன்ஸில் பெர்மனன்ட் வேலையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கே டீமில் முதலிடம் என்று அவரிடம் சொன்னேன்.

இன்றும் பெயரைச் சொல்லவில்லை. "ஹாக்கி கோல்கீப்பர் ஒருத்தங்க சொன்னது" என்று வாசித்தார். எங்கள் டீமில் கோல்கீப்பர் நான் மட்டும்தான்.

கிளப் செகரட்டரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா பேசுறியே! அப்பா எந்த ஷிஃப்ட்டு?"

அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அங்கே அதிகாரியும் இதே செகரட்டரிதான்; அப்பாவை வேலையில் வைப்பதும் நிறுத்துவதும் அவர் கையில்.

"செகரட்டரி காலையில வரச் சொன்னாரு. ஒனக்குத்தான் ஏதோ நல்லது நடக்கப்போவுது பாரு" என்றார் அப்பா. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டுத் தூங்குகிறார்.

கூட்டத்தில் நடந்ததை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.