சுரங்கக் கொக்கியில் ஒரு ஸ்வெட்டர்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீ கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போன பிறகு, மலை வீட்டில் மிச்சமிருந்த வேலையும் முடிந்தது. இந்த மலையில் மூடிப்போன சுரங்கத்தின் நினைவாக வீட்டைக் கட்டிய ஆர்க்கிடெக்ட் எதையும் பாக்கி வைக்கவில்லை. சுவரெல்லாம் இரும்புத் தகடு. தானாகத் துருப்பிடிக்க நேரமில்லாததால் மருந்து தெளித்துப் பிடிக்க வைத்தார்கள். "இது வீடா, பட்டறையா?" என்று நீ கேட்டதை ஆர்க்கிடெக்டிடம் சொன்னேன். "மேடத்துக்கு நல்ல ரசனை சார்!" என்று பூரித்துப்போனார்.

உடுப்பு மாட்ட, சுரங்கத்தில் இருந்ததுபோலவே கூரையிலிருந்து சங்கிலியும் கொக்கியும். வேலைக்கு இறங்குபவர் தன் உடுப்பைக் கொக்கியில் மாட்டி மேலே ஏற்றிவிடுவாராம். வெளியே வந்ததும் அவரே இறக்கிக்கொள்வாராம். உடுப்பு மேலே தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

கடைசியாக வந்த அன்று நீ மாட்டிய நீல ஸ்வெட்டர் அங்கேதான் தொங்குகிறது.

நேற்று மகள் போன் செய்தாள். "அம்மாவுக்குக் குளிருதாம்ப்பா. அந்த ஸ்வெட்டரப் பார்சல்ல அனுப்பிடுங்க."

அனுப்பவில்லை. சுரங்க வழக்கப்படி நீ இன்னும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறாய். வேண்டுமென்றால் நீயே வந்து இறக்கிக்கொள்.

சங்கிலி லேசில் இறங்காது. எண்ணெய் போடச் சொல்லி ஆர்க்கிடெக்ட் டப்பாவே கொடுத்துவிட்டுப் போனார். நான் போடவில்லை.

கொக்கிக்குக் கீழே நிற்கும்,
உன் வீட்டுக்காரன்