மூன்று துண்டாக ஒரு பேர்

அன்புத் தங்கச்சி குட்டச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றுவாய் என்பதால் காகிதம். மாமா இதைப் படம் பிடித்து அனுப்புவார். நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் வெள்ளிக்கிழமை தாண்டட்டும். அன்றைக்கு எனக்கு ஆபரேஷன்.

கர்ப்பப்பையில் கட்டி. புற்று இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

நாலு மாதம் முன்பே ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். கம்பெனியில் சட்டைக்கு லேபிள் பிரிக்கிறேன் அல்லவா, ஆங்கிலம் தெரியாததால் கடைசி எழுத்துகளைப் பார்த்தே பிரிப்பேன். இருபது வருஷத்தில் ஒரு கட்டு மாறியதில்லை. அதே பழக்கத்தில் ரிப்போர்ட்டையும் வாலிலிருந்து பார்த்தேன். மாடிவீட்டுத் தையல்காரர் மனைவி புற்றில் போய்ச்சேர்ந்தாளே, அவள் ரிப்போர்ட்டில் இருந்த அதே வால். இரண்டும் ஒரே கட்டு என்று முடிவு செய்து, பழைய திரைச்சீலைக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

போன வாரம் லேபிள் மேஜையிலேயே சுருண்டு விழுந்தேன். மாதாமாதம் அளவுக்கு மீறிப் போய்ப்போய், உடம்பில் பாதி ரத்தம்தான் இருந்ததாம். வீட்டுக்குக் கொண்டுவந்து போர்த்தத் துணி தேடிய மாமா கையில் அந்தக் காகிதம் சிக்கியது. மனிதர் என்னையும் அதையும் சேர்த்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா படித்துவிட்டு, "இதுக்கா நாலு மாசம் ஒளிச்சு வெச்சீங்க?" என்றார்.

லியோமயோமா என்று எழுதி, பேனாவால் மூன்று துண்டாக வெட்டினார். கிரேக்க பாஷையாம். லியோ என்றால் வழவழப்பு, மயோ தசை, ஓமா கட்டி. வழவழப்பான தசையில் வளர்ந்த கட்டி, அவ்வளவுதான். மாடிவீட்டுக்காரிக்கு வந்தது கார்சினோமா, அதற்கும் ஓமாதான் வால். நல்லதா கெட்டதா என்று வால் மட்டும் சொல்லாதாம், முன்பக்கமும் பார்க்க வேண்டுமாம். எங்கள் சூப்பர்வைசர் கழுத்தில் உருண்டிருக்கிறதே, அது லிப்போமா, கொழுப்புக் கட்டி. ஆளைப் பார்த்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கட்டி பெரிதாகிவிட்டதால் கர்ப்பப்பையோடு எடுக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் குடியிருந்த வீடு, காலி பண்ணச் சொல்லியாச்சு. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று மாமா இழுத்தார். நாலு மாசம் பொறுத்த லட்சணம் தெரியாதா என்று கேட்டுவிட்டு, நானே கையெழுத்துப் போட்டேன்.

கூடப் பிறந்தவர்கள் உண்டா, அவர்களுக்கும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒருத்தி இருக்கிறாள், வேலைக்குப் போக நாலு கறுப்பு பேண்ட் வாங்கியிருக்கிறாள் என்றேன். ஸ்டைல் என்று நீ எழுதினாய். நானும் கறை தெரியாமலிருக்க இரண்டு வருஷமாகக் கறுப்பும் கருநீலமும்தான் கட்டுகிறேன்டி. யாரிடம் கதை விடுகிறாய்? மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு லிஃப்ட்டைக் குறை சொல்லாதே. ஆரம்பத்திலேயே பார்த்தால் பலருக்கு மாத்திரையே போதுமாம்.

பதிலில் அங்கே குளிர் எப்படி என்றெல்லாம் எழுதாதே. ஸ்கேனுக்கு வாங்கிய தேதியை மட்டும் எழுது. ரிப்போர்ட் வந்தால் மடித்து வைக்காதே, டாக்டரைப் படிக்கச் சொல். வெள்ளிக்கிழமை கண் விழித்ததும் மாமா எனக்கு வாசித்துக் காட்டப்போவது அந்தத் தேதியாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவள் என்று எனக்கு இருப்பது நீ ஒருத்திதான், நூறு வருஷம் நன்றாக இரு.

உன் வம்புக்கார அக்கா