சோப்பு பட்ட மஞ்சள்

9.1.2010, சனி. காலை 6.40. தட்டு நான்கு, பிள்ளைகள் பதினொன்று.

வெளியே பனி. எதிர்வீடு தெரியவில்லை.

சிதம்பரத்தில் அக்கா தன் வீட்டு ஹாலில் நடத்தும் பிளே ஸ்கூலில் செவ்வாய்க்கிழமை பொங்கல் விழா. மாறுவேடம், டான்ஸ் எல்லாம் வேண்டாமாம். பிள்ளைகள் தொட்டு, மோந்து, பிசைந்து விளையாட வேண்டுமாம். தயார் செய்ய வேண்டியது நான். கெமிக்கல் டிப்ளமா படித்தவனுக்கு வந்த வேலை.

அரிசிக்குக் கலர் ஏற்றித் தட்டில் கொட்டச் சொல்கிறது நெட். அக்காவிடம் போனில் சொன்னேன்.

"அறிவிருக்கா? சோறாக்குற அரிசிய புள்ளைங்க கால்ல மிதிக்கவா? அதுவும் பொங்கலுக்கு?"

சரி. அரிசி வேண்டாம். உமி.

1. உமி, உள்ளே புதைத்த சொப்புப் பானைகள்
2. களிமண்
3. தோல் சீவிய கரும்பு
4. மைதா + மஞ்சள் தூள் + தண்ணீர், கொழகொழவென்று

ஒத்துக்கொண்டது யாழினிக்காக. அக்கா மகள், மூன்று வயது. ஈரம், பிசுபிசுப்பு எதையும் தொட மாட்டாள். சாப்பாடு ஸ்பூனில்தான். கையில் ஒரு பருக்கை ஒட்டினால் ஊரைக் கூட்டுவாள். "எல்லாம் விளையாடும், எம் புள்ள மட்டும் மூலையில நிக்கும்டா" என்றபோது அக்கா குரல் ஒரு மாதிரி இருந்தது.

11.1, திங்கள்.

ஷிப்ட் முடிந்து கடலூரிலிருந்து பஸ். மடியில் உமி மூட்டை.

"என்னா சார், கோழிப் பண்ணையா?" கண்டக்டர்.

"பொங்கல் விழாவுக்கு."

"உமியிலயா பொங்குவீங்க?"

பஸ்ஸே சிரித்தது. நல்ல பதில் ஆலப்பாக்கம் தாண்டித்தான் தோன்றியது. பயனில்லை.

அக்கா வீட்டில் உமியை முறத்தில் புடைத்துத் தூசு எடுத்தேன். மாமா பேப்பரை இறக்கிப் பார்த்தார். "மச்சான், ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்களே, அவுங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

யாழினி வந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். களிமண்ணைக் காட்டி, "தொடு" என்றேன். "சீ." கையைப் பிடித்து வைத்தேன். அலறல். அக்கா முறைத்த முறைப்பு. எனக்குப் பொறுமை கிடையாது, தெரிந்ததுதான்.

12.1, செவ்வாய்.

மேகமூட்டம். உமித் தட்டுக்கு அடிதடி. கரும்பை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, தின்றுவிட்டார்கள். மஞ்சளில் பத்துப் பிள்ளைகளும் முழங்கை வரை. பதினொன்றாவது கதவோரம், கை முதுகுக்குப் பின்னால்.

பிறகு வாளியில் சோப்புத் தண்ணீர். கையை விட்டதும் பத்துப் பேர் கையும் சிவப்பு.

கூட்டிப்போக வந்த ஒரு அம்மா: "ஐயோ, ரத்தம்! என்னாத்தத் தடவி வுட்டீங்க?"

அக்கா முகம் வெளுத்துவிட்டது. "டேய், என்னாடா கலந்த?"

மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு போட்ட ஆரத்தி சிவப்பதும் இதனால்தான். தினமும் லேபில் அமிலமா காரமா என்று பார்ப்பதே என் பிழைப்பு. மறந்திருக்கிறேன்! சமையலறைக்கு ஓடி எலுமிச்சம்பழம் எடுத்து வந்து அந்த அம்மாவின் பிள்ளை கையில் பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் வந்தது.

"அட, ஆரத்தி! மொதல்லயே சொல்றதில்ல?" என்று அந்த அம்மாவே ஒரு விரலில் மஞ்சள் தொட்டு, சோப்பில் நனைத்துப் பார்த்தார்.

என் பேண்டை யாரோ இழுத்தார்கள். யாழினி.

"மாமா, எனக்கும் ரத்தம் வேணும்."

"அதுக்கு மஞ்சள்ல கை வைக்கணுமே."

அவ்வளவுதான் சொன்னேன். கையைப் பிடிக்கவில்லை. ரொம்ப நேரம் தட்டையே பார்த்தாள். ஒரு விரல். முகம் கோணியது. சோப்பு. சிவப்பு! எலுமிச்சை. மஞ்சள். "இன்னொரு வாட்டி." உள்ளங்கை. அப்புறம் இரண்டு கையும். மாவு தீரும் வரை விடவில்லை. அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

சாயங்காலம் இட்லி. ஸ்பூன் கேட்டாள். இட்லி சிவக்காதாம்.

13.1, புதன். போகி.

தெருவெல்லாம் டயர் புகை. லீவு. யாழினி என் சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். செய்ய வேண்டியவை:

1. மிச்ச உமியைப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கொடுக்க. (கண்டக்டர் வாய் பலித்தது.)
2. மஞ்சள் தூள், மைதா வாங்க.
3. நாளை சர்க்கரைப் பொங்கலை அவள் முன்னால் இலையில் வைக்க. ஸ்பூனை ஒளிக்கக் கூடாது. பக்கத்திலேயே இருக்கட்டும்.
4. அவள் எதை எடுத்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது.