கோட்டுக்கு உள்ளே நின்ற மரங்கள்

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் இருமல் நின்றதா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

போன மாதம் என் வனத்துறை ஆபீஸில் ஒரே அமளி. காப்புக்காட்டின் அடிவாரத்தில் சாலையை ஒட்டி இருக்கும் காவல் சாவடியை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. காவல் இருப்பதால்தான் இத்தனை வருஷமாகக் காடு அவ்வளவாகக் குறையவில்லை என்று நான் வரைந்த வரைபடத்தைப் பெருமையாகக் காட்டினேன். புதிதாக வந்திருக்கும் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "மேல முழுக்கச் செங்குத்துப் பாறை, ரோடும் இல்ல. காவல் இல்லேன்னாலும் அங்க எவன் மேடம் ஏறிப்போய் வெட்டப் போறான்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து கோபத்தையெல்லாம் பாத்திரங்களிடம் காட்டினேன். உன் அப்பாதான், "பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு? அவர் கேட்டது நியாயம்தானே" என்றார். யோசித்தால் நியாயம்தான், யாரும் தொடாத இடத்தைக் காத்தோம் என்று மார்தட்டுவதில் என்ன இருக்கிறது? அதனால் அந்தப் பாறை மேட்டைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டேன். சாலைப் பக்கமாக, ஒரே மாதிரிச் சரிவும் மண்ணும் உள்ள துண்டுகளை எல்லைக்கு உள்ளே ஒன்று, வெளியே நன்றாகத் தள்ளி ஒன்று என்று ஜோடி ஜோடியாக எடுத்துப் பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டேன். வெளியே பாதிக்கு மேல் மொட்டை. உள்ளே அங்கங்கே சின்ன ஓட்டைகள், மற்றபடி அப்படியே நிற்கிறது. நான் குதிக்காத குறைதான் போ!

ஆனால் எல்லையைத் தாண்டியதும் வரும் ஓடைக்கரையில் வெட்டு ரொம்ப அதிகம். அங்கே மர அறுவை மில் வைத்திருப்பது யார், உன் மாமாதானே. சாப்பிட வந்தவனிடம் கேட்டே விட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல், "உள்ள கை வச்சா மாட்டிக்குவோம்க்கா, அதான் வெளியில வாங்கி வெட்டுறோம்" என்கிறான். காவல் பலிக்கிறது, ஆனால் வெட்டு பக்கத்துக்கு நகர்கிறது, இரண்டுக்கும் என் தம்பியே சாட்சி. அவன் முகத்துக்காக ஒன்றை எழுதி ஒன்றை விட முடியுமா? இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி நிதானமாகப் படித்தார். சாவடி அங்கேயே இருக்கும், ஓடைக்கரையையும் காப்பில் சேர்க்கப் போகிறார்கள்.

மாமா கொஞ்ச நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நேற்று வந்தான். "இனிமே தோட்டத்துல வளர்த்த மரத்தைத்தான் அறுக்கப் போறேன், திருப்தியா?" என்று முறைத்தான், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. மறக்காமல் மாமாவுக்கு ஒரு போன் போடு. என்மேல் இருக்கிற மிச்சக் கோபத்தை உன்னிடம் கொட்டுவான், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். கொட்டிவிட்டால் ஆறிவிடுவான்.

என்றும் உன் நினைவாக,
அம்மா